பாடியவர்: அங்காளம்மன்

இங்கிலாந்தில் ஒரு பாட்டு வெளியாகும்போது அதனுடன் ஒரு சீட்டும் சேர்ந்து போகிறது. காகிதச் சீட்டு இல்லை, கணினிக்குள் இருக்கிற சீட்டு. பாட்டின் பெயர், இசை யார், பாடியவர் யார், வெளியிடுகிற கம்பெனி எது என்ற விவரம் அதில் இருக்கும். நாம் கைபேசியில் பாட்டைத் தட்டியதும் திரையில் தெரிகிற எழுத்தெல்லாம் அந்தச் சீட்டிலிருந்து வருவதுதான். என் அக்கா சாலம்மாளின் குரல் போன ஐப்பசியில் லீட்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு நடனப் பாட்டாக வெளியானபோது, பாடியவர் என்ற இடத்தில் அங்காளம்மன் என்று போட்டிருந்தது.

அதை மாற்றுவதற்குள் எங்களுக்கு மாசி வந்துவிட்டது.

நான் வடக்கனந்தலில் மைக் செட் வைத்திருக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் முனியன் மச்சான் பம்பை அடிக்கிறவர். அக்கா அந்தக் குழுவில் வர்ணிப்பு பாடுகிறவள். சாமியை அழைக்கும் முன், அவள் எப்படி இருப்பாள், எந்த வழியாக வருவாள், வழியில் என்னென்ன பார்ப்பாள் என்று சொல்லிச் சொல்லிப் பாடுவதுதான் வர்ணிப்பு. மற்ற நாளில் இருவரும் கரும்பு வெட்டப் போவார்கள்.

இதில் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வர்ணிப்பு தொடங்கியதிலிருந்து சாமி இறங்கி, ஆடி, மலையேறும் வரை, பாடுகிறவர் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் அந்தக் குரல் அவருடையது இல்லை என்பது கணக்கு. யாராவது "நல்லாப் பாடறியே, உம் பேரு இன்னா?" என்று கேட்டால் "ஆத்தா பாடறா" என்றுதான் பதில் வரும். விபூதி கொடுத்து எல்லாம் முடிந்த பிறகு பெயர் சொல்லலாம், டீ குடிக்கலாம், சண்டையும் போடலாம்.

அந்தப் பாட்டைச் செய்த லீட்ஸ்காரன் டேனியல் வந்தது போன வருஷம் மாசியில், சாமி சுடுகாட்டுக்குப் போகிற மயானக் கொள்ளை அன்று. வாடகை பைக்கில் கல்வராயன் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தவன், பம்பைச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினான். உள்ளங்கை அளவுக்கு ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தான். என் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காமல் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அது எனக்குப் பிடித்திருந்தது. ஸ்பீக்கரிலிருந்து பிடித்தால் என் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் சேர்ந்து வரும். வாயிலிருந்து பிடித்தால் குரல் மட்டும் வரும். வேலை தெரிந்தவன்.

அக்கா மகள் ஷாலினி கள்ளக்குறிச்சியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அவளிடம் முறையாகவே கேட்டான். இதை நான் என் இசையில் வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் யார் பெயரைப் போடுவது? ஷாலினி அம்மாவிடம் திரும்பிக் கேட்டாள். சாமி அப்போதுதான் பூசாரி மேல் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா நெற்றியெல்லாம் குங்குமம் வழிய நின்றாள்.

"வச்சிக்கட்டும். ஆத்தா பாடறான்னு சொல்லு."

ஷாலினி அவனுடைய கைபேசியை வாங்கி, எழுத்துக்கூட்டி, அங்காளம்மன் என்று தட்டிக் கொடுத்தாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் அந்த ஒலியை என்ன செய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா பாடிய வரி, "எரிகிற காடு விட்டு எழுந்து வாடி தாயே" என்பது. அதில் "எழுந்து வாடி" என்ற துண்டை மட்டும் வெட்டி எடுத்தான். கம்ப்யூட்டரில் குரலின் வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் ஏற்றலாம். அப்படிக் கொஞ்சம் ஏற்றினான். அக்காவின் கனத்த குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு அடியில் தும் தும் தும் தும் என்று ஒரே சீரான அடி. பம்பை ஓரிடத்தில் நெருக்கி அடிக்கும், ஓரிடத்தில் விட்டு அடிக்கும். கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு அது ஆகாது. கால் அடுத்து எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆகவே பாட்டு முழுக்கத் தும் தும், அதன்மேல் "எழுந்து வாடி, எழுந்து வாடி". மலை ஏறும்போது வண்டியை இரண்டாம் கியரிலேயே ஓட்டினானாம். பாட்டுக்கு 'செகண்ட் கியர் ஹில்' என்று பெயர் வைத்தான்.

அங்கே அது பெரிய பாட்டெல்லாம் இல்லை. ஏதோ ஒரு ரேடியோவில் ஒரு ராத்திரி போட்டார்கள். நடனப் பாட்டுகளின் வரிசையில் கடைசிப் பக்கம் ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனது. ஒரு பத்திரிகைக்காரர், தாளம் சுமார்தான், ஆனால் அங்காளம்மன் என்ற இந்தப் புதுப் பாடகி யார், அடுத்த கோடையில் இங்கே மேடை ஏறுவாரா என்று எழுதியிருந்தார். ஷாலினி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"பாஸ்போர்ட் எடுக்கணுமே ஆத்தாவுக்கு" என்றார் மச்சான்.

"ஏற்கனவே சிங்கம் கீதுய்யா, ஏரோப்ளேன் எதுக்கு?" என்றாள் அக்கா.

சிரிப்பு அந்த வாரத்தோடு முடிந்தது. டேனியல் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு கிளப். நீல வெளிச்சத்தில் ஜனங்கள் கையில் கிளாஸோடும் காலில் பூட்ஸோடும் குதிக்கிறார்கள். பின்னால் பெரிய திரையில் அங்காளம்மன் என்று ஆங்கில எழுத்து மின்னி மின்னி அணைகிறது. ஷாலினி பெருமையாக அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் கொளஞ்சியப்பன் வீடு தேடி வந்துவிட்டார்.

கொளஞ்சியப்பன் எங்கள் தெருக் கோயில் கமிட்டியின் தலைவர். முனியன் மச்சானுக்குப் பெரியப்பா மகன். ஆள் கெட்டவர் இல்லை. மயானக் கொள்ளை நாளில் கூட்டத்தில் யாருக்காவது அடிபட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

"யாரக் கேட்டு ஆத்தா பேர குட்த்தீங்க?"

"பாட்டு அவளுதுதான மாமா" என்றாள் அக்கா.

"சாராயத்த குட்ச்சினு ஷூ காலோட ஆடறான். எழுந்து வாடி எழுந்து வாடின்னு கூப்டுக்கினே கீறான். வந்துட்டா எங்கம்மா உக்கார வெப்பான்? யாரு மலையேத்துவா? சொல்லு."

எனக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்தப் பாட்டில் அழைப்பு மட்டும் இருக்கிறது. அனுப்பி வைக்கிற அடி இல்லை.

"அந்தப் பேரு அங்கேர்ந்து எறங்கணும். அது வரைக்கும் நீ கோயில்ல வாயத் தெறக்கக் கூடாது. மாசிக்குள்ள எறங்கலன்னா சின்னசேலத்துலேர்ந்து ஆள் கூட்டியாருவேன்."

அக்கா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் கோயிலில் பாடுகிறவள். வேறு எங்கே பாடினாலும் கூலிக்குப் பாடுவது. இங்கே மட்டும் அப்படி இல்லை. அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

"எம் பேரப் போடச் சொல்லுடா" என்றாள் என்னிடம். "கோயில்ல எம் பேரு வரக் கூடாது, செரி. அங்க யாரு சாமி அழைக்கிறா? பாவம் வந்தா எனக்கே வரட்டும். சாலம்மான்னு போடச் சொல்லு."

ஒரு எழுத்தை மாற்றுவதுதானே என்று நானும் நினைத்தேன். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எரிச்சல் ஆரம்பித்தது. டேனியல் பாட்டை ஒரு சின்னக் கம்பெனிக்குக் கொடுக்கிறான். அந்தக் கம்பெனி என்பது பகலில் வேறு வேலைக்குப் போகிற ஒரே ஒரு அம்மாள். அவர் அதை விநியோகம் செய்கிற ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஏற்றுகிறார். அங்கிருந்து அது பல கடைகளுக்குப் போகிறது. கடை என்றால் பாட்டுக் கேட்கிற ஆப்புகள். ஒவ்வொரு கடையும் சீட்டைத் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கோமுகி அணையில் ஷட்டரைத் திறந்து தண்ணீர் விட்டாயிற்று, வாய்க்காலெல்லாம் பாய்ந்துவிட்டது. இப்போது ஷட்டரை இறக்கினால் வயலில் நிற்கிற தண்ணீர் திரும்பி வருமா?

நாங்கள் சொன்ன அன்றே டேனியல் மன்னிப்புக் கேட்டான். கம்பெனி அம்மாள் சனிக்கிழமை பார்த்து மேலே அனுப்பினார். விநியோகக்காரர்களிடமிருந்து ஒரு பதில் வந்தது. ஷாலினி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"பாடினவங்க பேர எடுக்கணும்னா, பாடினவங்களே சம்மதம்னு மெயில் அனுப்பணுமாம். அங்காளம்மனோட மெயில் ஐடி கேக்கறாங்க மாமா."

ஒரு பாடகரை ஏமாற்றி அவருடைய பெயரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். எங்கள் கழுத்தில் அது வந்து மாட்டிக்கொண்டது. அது ஒரு தெய்வம் என்று எழுதினோம். கலைஞர்கள் எந்தப் புனைபெயரையும் வைத்துக்கொள்ளலாம், அடையாள அட்டையின் நகலை இணைக்கவும் என்று பதில் வந்தது. எழுதுவது ஆள் இல்லை, இயந்திரம்தான் என்று ஷாலினி சொன்னாள். இரண்டு முறை அனுப்பியும் ஒரு எழுத்து மாறாமல் அதே பதில். மார்கழி முழுக்க இப்படியே போனது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. பெயர் இறங்கிவிட்டதா என்று கொளஞ்சியப்பன் தினமும் பார்க்க ஆரம்பித்தார். காலையில் பல் விளக்கியதும் கைபேசியில் அங்காளம்மன் என்று தேடுவார், பாட்டு வரும், தட்டுவார், முழுக்க ஓட விடுவார். அவரைப் பார்த்துக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும். அவர்களைப் பார்த்துத் தெருவே. டீக்கடையில் ஒருவர், ரேஷன் வரிசையில் ஒருவர்.

இந்த ஆப்புகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரு ஊரில் நிறையப் பேர் ஒன்றைத் தேடுகிறார்கள், முழுக்கக் கேட்கிறார்கள் என்றால், அந்த ஊருக்கு அது பிடித்திருக்கிறது என்று முடிவு செய்யும். பிறகு தேடாதவனுக்கும் கொண்டுபோய்க் காட்டும். டேனியல் எங்களுக்கு ஒரு வரைபடம் அனுப்பினான். பாட்டு எந்தெந்த ஊரில் ஓடுகிறது என்று புள்ளி வைத்துக் காட்டும் படம். லீட்ஸ், மான்செஸ்டர், லண்டன் எல்லாம் சின்னப் புள்ளி. அந்த நாட்டில் பாட்டு செத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் மட்டும் சாணி உருண்டை மாதிரி ஒரு பெரிய புள்ளி.

நான் படத்தை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பனிடம் போனேன்.

"மாமா, நீங்க பாக்கப் பாக்கத்தான் அது வளருது. ஒரு வாரம் யாரும் தொடாம இருங்க, அதுவா அடங்கிடும்."

"பாக்காம எறங்கிச்சா இல்லியான்னு எப்படிடா தெரியும்?"

"நான் பாத்துச் சொல்றேன்."

"நீ உங்க அக்காவுக்குத் தம்பி. நீ எறங்கிச்சுன்னுதான் சொல்லுவ."

"சரி, பாருங்க. பாட்டப் போடாம பேர மட்டும் பாருங்க."

"பாட்டு வேற ஆத்தா பேரு வேறயாடா? நாதியத்துப் போய்க் கெடக்கறா, கேக்கக்கூட நாங்க இல்லன்னா எப்படி?" என்று என் எதிரிலேயே தட்டி ஓட விட்டார். எழுந்து வாடி, எழுந்து வாடி. ஒரு கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தையில் ஒருவழியாக ஒரு மனிதர் பதில் எழுதினார். பாடியவர் நேரில் கேமராவைப் பார்த்து, அடையாள அட்டையைக் காட்டி, இந்தக் குரல் தன்னுடையதுதான், அங்காளம்மன் என்று வேறு யாரும் இதில் பாடவில்லை என்று சொன்னால் போதும், மாற்றிவிடலாம் என்றார். நாங்கள் அக்காவைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தோம். கையில் ஆதார் அட்டை. ஷாலினி கேமராவைப் பிடித்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"பொய் சொல்ற மாதிரி கீதுடி."

"உன் தொண்டதானம்மா?"

"தொண்ட என்னுது."

"அப்பறம் இன்னா? அதத்தான் சொல்லச் சொல்றாங்க."

"அன்னிக்குப் பாடிக்கினு இருந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. சாமி எறங்கனப்புறம் நானு எங்க இருந்தன்?"

"யம்மா, மாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது."

அக்கா நெற்றியை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எம் பேரு சாலம்மா. இந்தக் கொரலு என்னுது. அங்காளம்மனுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல."

ஒரு வாரத்தில் பெயர்கள் மாற ஆரம்பித்தன. ஒரு கடையில் மாறும், இன்னொன்றில் மாறாது, பிறகு அதிலும் மாறும். ஒன்றில் சாலம்மாள் என்று தமிழிலேயே வந்தது. டேனியலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை நாள் தவறான பெயர் போட்டதற்குப் பரிகாரமாக, உண்மையான பாடகி இவர்தான் என்று அந்த வீடியோவைப் போடட்டுமா என்று ஷாலினியிடம் கேட்டான். நல்லதுதானே, பெரியப்பாவும் பார்ப்பார் என்று அவள் சரி சொல்லிவிட்டாள்.

இங்கிலாந்தில் அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அங்காளம்மன் என்று தேடித் தேடித் தெருவே அந்த இயந்திரத்தைப் பழக்கி வைத்திருந்ததே. அந்தப் பெயர் வருகிற வீடியோ ஒன்று புதிதாக வந்ததும் அது முதலில் எங்கள் தெருவுக்குத்தான் கொண்டு வந்து கொடுத்தது. விடிந்து எழுந்தபோது எல்லார் கைபேசியிலும் அக்கா ஆதாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாங்களே கமிட்டிக் கூட்டத்துக்குப் போனோம், பெயர் இறங்கிவிட்டது என்று சொல்ல. கொளஞ்சியப்பன் கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எறங்கிடுச்சு. நானும் பாத்தேன்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறன் சாலம்மா. அந்த வெள்ளக்காரன் புட்ச்சினு போனது என்னிக்குப் பாடனது?"

"போன வருஷம் கொள்ளைக்கு."

"இங்க, நம்ம கோயில் வாசல்ல, சாமி அழைக்கறப்ப பாடனது."

"ஆமாம் மாமா."

"அது உங் கொரலுதான், ஆத்தாவுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லன்னு நீயே ஒலகத்துக்கே சொல்லிட்ட. அப்ப அன்னிக்கு வந்தது யாரு? நாங்க யாருகிட்ட வாக்கு கேட்டோம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு விளக்கம் தெரியும். பாட்டு என்பது ஒன்று, அதை ஒரு நாள் ஒரு தொண்டை பாடியது என்பது இன்னொன்று. அங்கே சட்டத்திலேயே இரண்டுக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது. அக்கா சொன்னது இரண்டாவதை மட்டும்தான். இதை நிதானமாகச் சொன்னேன். டம்ளரை ஒன்றாகவும் டீயை இன்னொன்றாகவும் வைத்துக்கூட விளக்கினேன்.

கொளஞ்சியப்பன் பொறுமையாகக் கேட்டார். "செரி வீரமணி. பாட்டுக்கு ஒரு கட்டம், தொண்டைக்கு ஒரு கட்டம். வந்து எறங்கினவ எந்தக் கட்டத்துல வர்றா?"

"அது சட்டத்துல இல்ல மாமா."

"ம். அப்ப நாங்க இன்னா பண்றது? நாளைக்கு இவ பாடி சாமி வந்தா, வந்தது சாமியா சாலம்மாவான்னு ஒவ்வொருத்தனும் கேப்பான். கும்புட்ற கை நடுவுல நிக்கும்."

"நீங்கதான் பேர எறக்கச் சொன்னீங்க பெரிப்பா!" என்று ஷாலினி கத்தினாள். "எறக்கறதுக்கு அவங்க கேட்டதத்தான் அம்மா சொல்லுச்சு!"

"நான் எறக்கச் சொன்னேன். இப்படிச் சொல்லி எறக்கச் சொன்னனா?"

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா, "அந்தாளு சொல்றதும் செரியாத்தான் கீது. அதாண்டா எரியுது" என்றாள்.

மயானக் கொள்ளை அன்று சின்னசேலத்திலிருந்து சின்னப்பொண்ணு என்ற பாடகி வந்திருந்தாள். நல்ல பெண்தான். புது ஊர், புதுக் குழு, கூட்டம் அவளையே பார்க்கிறது. பயத்தில் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மைக்கை அப்படிப் பிடித்தால் அடிச்சுருதி பொதபொதவென்று வீங்கும். அதை மீறிச் சொல் கேட்க வேண்டும் என்று மேலே கத்துவார்கள், குரல் கீச்சிடும். முனியன் மச்சான் பம்பையை நெருக்கி அடித்துப் பார்த்தார், விட்டு அடித்துப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பூசாரி கரகத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தார். ஒன்றும் அசையவில்லை. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பெண்கள் நிற்கும் பக்கம் பார்த்தார்கள்.

அக்கா அங்கே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால், எப்போது வந்தாள் என்று தெரியாமல் நின்றிருந்தாள். கொளஞ்சியப்பன் பார்த்துவிட்டார். என்னையும் பார்த்தார், என் கையில் சும்மா இருந்த இன்னொரு மைக்கையும் பார்த்தார். நான் அதைக் கீழே வைக்கவில்லை, நீட்டவும் இல்லை.

அக்கா மைக்கைத் தொடவில்லை.

"அடில இருக்கறத கம்மி பண்ணுடா" என்றாள். "அந்தப் பொண்ணு எதுக்கு இப்படிக் கத்துது? அது கொரலு அதுக்கே கேக்கல."

நான் பேஸைக் குறைத்தேன்.

"இன்னும். ஆங். எக்கோவ எடு. வார்த்த ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, யார வரச் சொல்றான்னே தெரியல."

எடுத்தேன். பாடகிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரை அவள் பக்கமாகத் திருப்பச் சொன்னாள். ஷாலினி ஓடிப்போய்த் திருப்பினாள். சின்னப்பொண்ணுவுக்குத் தன் குரல் கேட்டது. கத்துவதை விட்டாள், தோள் இறங்கியது, பாட்டு அதன் நடைக்கு வந்தது. மச்சானின் கை அதைப் பிடித்துக்கொண்டது.

பூசாரியின் கால் நடுங்க ஆரம்பித்தபோது கூட்டம் ஒரே குரலில் கத்தியது. கொளஞ்சியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் முன்னால் நெருக்கிக்கொண்டு போக, அக்கா மட்டும் இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டவே நின்ற எனக்குக்கூட ஒரு சொல் கேட்கவில்லை.